மின்வாயை எட்டுமுன் எழும் மின்னோட்டம்

1944 ஏப்பிரலில் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகம் புதுதில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. அதன் தளபதி மவுண்ட்பேற்றன் கடற்படையிலே சமிக்ஞைத்துறை பயின்றவர். அவ்வாண்டு ஓகஸ்ட் 10 இல் அமெரிக்க பி-29 விமானங்கள் திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து புறப்பட்டுப் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கின. முகில் மறைத்த இலக்கைக் காட்டியது ராடார். அக்கால ராடாரின் உயிர்நிலையாக விளங்கியது மகனத்திரன் என்னும் வெற்றிடக் குழாய்.

வெற்றிடத்தில் ஓடும் இலத்திரன் உலோக மின்வாயிலே எவ்வாறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது? வந்து சேர்ந்தபின் என்பதே எளிதில் தோன்றும் விடை. கொழும்பில் 1925 இல் தொடங்கிய வானொலிக்கு அவ்விடை போதுமானதாயிருந்தது. அது பிழையென்பதை அறியவேண்டிய தேவை எழவில்லை.

உண்மையில், இலத்திரன் நகரத் தொடங்கும்போதே ஓட்டமும் தொடங்குகிறது. இலத்திரன் நெருங்க நெருங்க, எதிரிலுள்ள தகட்டின் மேற்பரப்பில் நேரேற்றம் தூண்டப்படுகிறது. அங்கிருந்த இலத்திரன்கள் விலகிப் புறச்சுற்றிலே பாய்கின்றன. 1938 இல் பெல் ஆய்வுகூடத்து வில்லியம் ஷொக்லியும், 1939 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துச் சைமன் ரேமோவும் தனித்தனியே இதனை விதியாக்கினர். இரு சமாந்தரத் தகடுகளாயின் கணிப்பு மிக எளிது: ஏற்றத்தை வேகத்தாற் பெருக்கி, இடைத்தூரத்தால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைச் செக்கனுக்குப் பத்து இலட்சம் மீற்றர் வேகத்திற் கடக்கும் இலத்திரன், செக்கனின் நூறுகோடியில் ஒரு பங்கு நேரமே பயணஞ் செய்கிறது. வானொலியின் மத்திய அலைக்கு இது ஒரு பொருட்டன்று. பத்துச் சென்ரிமீற்றர் அலையோ அந்நேரத்துள் மூன்று முறை அலைந்துவிடும். சேர்ந்தபின் ஓட்டம் என்ற கணக்கு இங்கே முற்றாகத் தவறிவிடுகிறது.

ஆனால், 1940 பெப்ரவரியிற் பேர்மிங்ஹாமில் குழிமகனத்திரனை இயக்கிய றான்டலும் பூற்றும் இவ்விதியிலிருந்து புறப்பட்டவரல்லர். ஹேர்ட்சின் பழைய கம்பி வளையமே றான்டலுக்கு நினைவுக்கு வந்தது. கருவி முந்திக்கொள்வது பொறியியலிற் புதுமையன்று. எனினும் அக்கருவியினுள் நிகழ்வது விதி கூறியதே: ஆரக்கால்களாய்த் திரண்டு சுழலும் இலத்திரன்கள், செப்புக் குழிகளின் வாயருகே கடந்து செல்லும்போதே அவற்றின் சுவர்களில் மாறுகின்ற ஓட்டத்தைத் தூண்டுகின்றன.

இதிலே வியப்பான தொடர்பொன்றுண்டு. பேராதனையிலே தலைமையகம் இயங்கிய அந்த 1944 இல், பி-29 விமானிகளுக்கு ராடார் குறிபார்ப்பைப் பயிற்றும் திட்டத்தை ஒழுங்குசெய்தவர் இதே ஷொக்லிதான். பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்தது திரான்சிஸ்ரர். 1938 ஆம் ஆண்டுக் கட்டுரை பலராலும் மறக்கப்பட்டது. ஆயினும் இன்றைய துணிக்கை உணரிகளில், சிலிக்கனுள் விடுபட்ட ஏற்றங்கள் மின்வாயை அடையுமுன்னரே துடிப்பு எழத் தொடங்குவது அவ்விதியின்படியேயாம்.