ராக் இசையின் பிறப்பும் இயல்பும்

ராக் இசை என்றதும் அதனை வெறும் இரைச்சல் என ஒதுக்குவோர் நம்மிற் பலர். ஆயினும் அவ்விரைச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது, ஊர் விட்டு ஊர் சென்று பிழைத்த மக்களின் வரலாறாகும்.

அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில், பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள் 'புளூஸ்' என்னும் பாடல் வகையை வளர்த்தனர். பெரும்பாலும் ஒருவரே பாடுவார். மரக் கிதாரே அவருக்குத் துணை. இன ஒதுக்கலும் வறுமையும் துரத்த, 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வெளியேறினர். அவர்களுள் ஒருவரே மடி வாட்டர்ஸ். 1943-இல் சிக்காகோவை அடைந்த அவர், பகலில் வேலைக்குச் சென்று இரவில் பாடினார். மதுக்கூடங்களின் ஆரவாரத்தில் மரக் கிதாரின் ஒலி எடுபடவில்லை. ஆகவே மின்சாரக் கிதாரைக் கையிலெடுத்தார். நாம் இரைச்சல் என்பது, கூட்டத்தினிடையே தம் குரல் கேட்கவேண்டும் என்னும் தேவையிற் பிறந்ததேயாம்.

இனி, அதன் இலக்கணத்தைக் காண்போம். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இரண்டாவதும் நான்காவதும் அழுத்தம் பெறும். முரசு அதனை உணர்த்தும். புளூஸிலிருந்து வந்த பழைய அமைப்பில், இத்தகைய 12 தாள அளவுகள், அதாவது 48 எண்ணிக்கைகள், ஒரு சுற்றாகும். மூன்றே சுரக்கூட்டுகள் அதனைத் தாங்கி நிற்கும். மின்சாரக் கிதார், அடித்தொனிக் கிதார், முரசு, குரல் ஆகியவை சேர்ந்தால் குழு நிறைவெய்தும்.

1954 ஜூலையில் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் வெள்ளை இளைஞர், கறுப்பினக் கலைஞர் ஆர்தர் குருடப் 1946-இல் பதிவு செய்த பாடலொன்றைத் துரித கதியிற் பாடினார். எல்விஸ் உலகப் புகழ் பெற்றார். குருடப்போ தமக்குரிய உரிமைத் தொகையை முழுமையாகப் பெறாமலே 1974-இல் காலமானார்.

1962-இல் லண்டனில் தோன்றிய இளைஞர் குழுவொன்று, மடி வாட்டர்ஸின் 1950-ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. 1964-இல் அக்குழுவினர் சிக்காகோ சென்று, அவர் பாடிப் பதிவு செய்த அதே நிலையத்தில் தாமும் பதிவு செய்தனர். மூலவரைப் பெயர் சொல்லிப் போற்றுதல் அவர்கள் செய்த கைம்மாறு. குருடப்புக்கு அந்த நீதி உரிய காலத்தில் கிட்டவில்லை. ராக் இசையைக் கேட்கும் நாம், இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வது கடமையாகும்.