தூங்கும் மூளையில் சுழலும் கதிர்

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'தஞ்சோங் ரம்புத்தான்' ஊரின் பெயர் மட்டுமல்ல, ஓர் ஏச்சும்கூட. சொன்னதை மறப்பவனைப் பார்த்து, "உன்னை அங்கேதான் அனுப்பணும்" என்பார்கள். ஈப்போவுக்கு அருகே அந்த மனநல மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது.

அதற்கும் முன்பே, 1904-இல், ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் நம் பக்கத்து ஜாவாவுக்கு வந்து, இன்றைய போகோரில் இருந்த மனநோயாளிகளைப் பார்வையிட்டார். இன்று நாம் மனச்சிதைவு என்று சொல்லும் நோயை, 'இளமையிலேயே அறிவு மங்குதல்' என்ற பொருளில் அழைத்தவர் அவர். அது ஜாவாக்காரர்களையும் பிடிக்கிறது என்பதை அங்கே கண்டார். 1908-இல் சுவிஸ் மருத்துவர் பிளாய்லர் அதற்கு 'ஸ்கிசோஃப்ரீனியா' என்று பெயர் மாற்றினார். பெயர்தான் மாறியது!

மறதிக்கு ஒரு தடயம் தூக்கத்தில் இருந்தது. 1930-களில் அமெரிக்கர் ஆல்பிரட் லூமிஸ், உறங்குபவர்களின் மூளை அலைகளை இரவெல்லாம் பதிவு செய்தார். இடையிடையே ஓரிரு வினாடிக்கு ஒரு வேகத் துடிப்பு. நடுவே பருத்து, இருமுனையும் ஒடுங்கி, நூல் நூற்கும் கதிர் போன்ற வடிவம். பகலில் கற்றதை மூளை பதியவைப்பதில் இந்தக் கதிருக்குப் பங்குண்டு என்பது பின்னால் தெரிந்தது.

மரம் சீவியவர்களுக்கு இது புரியும். முதல் நாள் கத்தி பட்டையைத் தாண்டி இறங்கிவிடும். மறுநாள் பெரட்டு முடிந்து நிரைக்குப் போனால் கை கொஞ்சம் படிந்திருக்கும்.

மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இந்தக் கதிர்கள் குறைவு என்று 2007-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் கண்டனர். பாஸ்டனில் டாரா மனோக் குழுவினர், விரல்களால் எண் வரிசையைத் தட்டும் பயிற்சி கொடுத்தனர். நோயாளிகள் பகலில் நன்றாகவே கற்றார்கள். ஆனால் உறங்கி எழுந்ததும் மற்றவர்களுக்குக் கூடிய வேகம் இவர்களுக்குக் கூடவில்லை. கதிர் குறையக் குறைய முன்னேற்றமும் குறைந்தது என்று 2012-இல் வெளியிட்டனர். சோம்பேறி, மக்கு என்று வீட்டில் ஏசுகிறோமே, அது எவ்வளவு அநியாயம்!

"எல்லாம் மாத்திரையால்தான்" என்று நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். மருந்தே எடுக்காத புதிய நோயாளிகளிடமும், நோயில்லாத நெருங்கிய இரத்த உறவினர்களிடமும் இக்குறை இருப்பதை 2014-இல் அதே குழு காட்டியது. மாத்திரை மந்தம் தருவது உண்மைதான். அதை டாக்டரிடம் சொல்லி மாற்றலாம். தானாக நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும்.

தூக்க மாத்திரை உதவுமா? 2013-இல் எஸ்சோபிக்ளோன் கொடுத்துப் பார்த்தார்கள். கதிர்கள் கூடின, நினைவு சொல்லும்படி கூடவில்லை. சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது, அவர் இரவில் எப்படித் தூங்குகிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.