555 புத்தகம்: தோட்டத்துக் கடன் கணக்கு யார் கையில் இருந்தது?

தோட்டத்துக் கடையில் சாமான் வாங்கி வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. மலாய்க்காரர்கள் அதை 'புக்கு தீகா லீமா' என்பார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் என்று மாதம் முழுவதும் கடைக்காரர் அதில் எழுதிக்கொண்டே போவார். சம்பள நாளன்று கூட்டிப் பார்த்து, கையில் வந்ததைக் கொடுத்துவிட்டால், மிச்சம் அடுத்த மாதப் பக்கத்தின் முதல் வரியாக ஏறிக்கொள்ளும். இப்படி முதல் வரியில் ஏறிய பழைய பாக்கி பல குடும்பங்களில் ஆண்டுக் கணக்கில் இறங்கவே இல்லை.

நம்மவர்களின் கடனைப் பற்றிப் பேச்சு வந்தாலே கள், திருவிழா, ஆடம்பரக் கல்யாணம் என்று மூன்று காரணங்களைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், மலாக்கா தோட்டங்களின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால் அந்த மூன்றுக்கும் முந்திய ஒன்று தெரிகிறது. கடன் வாங்கியவருடைய கணக்கு அவர் கையில் இல்லை. கணக்கு கைக்கு வந்த இடங்களில் கடன் குறைந்திருக்கிறது. வராத இடங்களில் சம்பளம் உயர்ந்தும் குறையவில்லை.

இந்நாட்டின் வணிக ரப்பர்த் தோட்ட வரலாறு மலாக்காவில்தான் தொடங்குகிறது. 1896ல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். இரண்டாண்டுகளில் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நடவு தொடங்கியது. காட்டை அழிக்கவும் பால் வெட்டவும் ஆள் வேண்டும். ஆள் வந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து.

வந்தவர்களில் ஒரு சாரார் சஞ்சிக் கூலிகள். கப்பல் செலவு அவர்கள் தலையில் எழுதப்பட்டு, கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. அதாவது, மலாயா மண்ணில் காலை வைக்கும்போதே அவர்கள் கடனாளிகள். இந்த முறைக்கு ஆள் எடுப்பது 1910ல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907ல், தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாடு வந்தது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அந்த நிதிக்குப் பணம் கட்டினார்கள். அதிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. சட்டப்படி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தொழிலாளி கடன் இல்லாதவனாகவே வந்து இறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகவும் அவனுக்கு உரிமை இருந்தது.

பிறகு எப்படிக் கடன் வந்தது? கங்காணி வழியாக வந்தது. ஊரில் பழைய பாக்கியைத் தீர்த்துக் கொடுத்தவர் கங்காணி; வழிச் செலவுக்குக் கொடுத்தவர் கங்காணி; லயத்துக்கு வந்த முதல் வாரத்தில் சட்டி பானைக்குக் கொடுத்தவரும் அவரே. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று நிர்வாகம் கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தது. ஆள் போய்விட்டால் அந்த வருமானமும் போய்விடும். ஆகவே, ஆளைப் பிடித்து வைக்கக் கடனைவிட நல்ல கயிறு இல்லை. சட்டம் அறுத்த கயிற்றைக் கங்காணி தன் நோட்டில் மறுபடி முறுக்கிக்கொண்டார். எல்லாக் கங்காணிகளும் கொடியவர்கள் என்று சொல்வதற்கில்லை. சொந்தக்காரர்களுக்காகத் தானே கடன்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால், எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளி அந்த நோட்டை வாங்கிச் சரிபார்க்க வழி இருக்கவில்லை.

இலங்கையில் இந்தக் கயிற்றுக்குப் பெயரே உண்டு. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை அனுப்புகிறோம் என்று எழுதிய சீட்டுதான் துண்டு. கடனோடு ஆளும் கைமாறினார். 1921ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மலாயாவில் துண்டு இல்லாததால் நம்மவர்களின் நிலை ஓரளவு மேல் என்று சொல்லலாம். ஓரளவுதான்.

கூலி எவ்வளவு? 1920களின் இறுதியில் சில முக்கிய வட்டாரங்களுக்கு நியமக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மற்ற வட்டாரங்களிலும் அதை ஓர் அளவுகோலாகப் பார்த்தார்கள். கணவனும் மனைவியும் மாதம் 24 நாள் வேலைக்குப் போனால் 12 வெள்ளியும் 9 வெள்ளி 60 காசும் சேர்ந்து 21 வெள்ளி 60 காசு. கடைக் கணக்கு 22 வெள்ளி என்றால் 40 காசு பாக்கி. அந்த 40 காசு ஊதாரித்தனத்தால் வந்தது அல்ல. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. இலை உதிரும் மாதங்களில் பால் குறையும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்க்கு வேலை இல்லை. தோட்டத்துக் கடனில் பெரும்பகுதி மழைநாளில் பிறந்தது. நேயர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். 1930ல் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அந்த 50 காசும் வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஏறக்குறைய 1,90,000 இந்தியர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இங்கே செட்டியார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட்டி என்றதும் பழி அவர்கள் மேல்தான் விழுகிறது. மலாக்காவில் மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குப் போகும் இரத ஊர்வலத்தைப் பார்க்கிறவர்களுக்கு அச்சமூகத்தின் வேர் அங்கே எவ்வளவு ஆழம் என்பது தெரியும். ஆனால், நகரத்தார் பெரும்பாலும் கடன் கொடுத்தது வியாபாரிகளுக்கும் நிலம் வைத்திருந்தவர்களுக்கும்தான். ஈடு வைக்க ஒன்றுமில்லாத பால்வெட்டுத் தொழிலாளி அவர்களுடைய பேரேட்டில் ஏறுவது அரிது. அவனுக்குக் கிடைத்தது கங்காணியும், கடைக்காரரும், சம்பள நாளில் தோட்ட வாசலில் வந்து நிற்கும் சில்லறை வட்டிக்காரரும். ஈடு இல்லாத சின்னக் கடனுக்குத்தான் எப்போதும் வட்டி அதிகம். இன்றும் அப்படியே.

வெளியே வர முதல் வழி கூட்டுறவு. ஜெர்மனியில் ராய்ஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்கள் 1904ல் சட்ட வடிவில் இந்தியாவுக்கு வந்தன. மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1922லும், மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதியில் 1924லும் கூட்டுறவுச் சட்டங்கள் வந்தன. முதலில் பயனடைந்தவர்கள் அரசாங்கக் கிராணிகள். பிறகு மலாயாத் தோட்டங்களில் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. சம்பளத்தில் ஒரு சிறு தொகையைப் பிடித்துச் சங்கக் கணக்கில் போட்டார்கள். தொகை சின்னதுதான். ஆனால், கடைக்காரர் கைக்குப் போவதற்கு முன் பிடிக்கப்பட்டது என்பதே அதன் சூட்சுமம். மாதக் கடைசியில் மிச்சமானால் சேமிப்பது என்ற பேச்சு அந்தக் கூலியில் நடக்காத காரியம்.

1951ல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. பல தோட்டப் பாட்டாளிகளுக்கு, 'இது உன் பணம்' என்று அவர்கள் பெயரிலேயே வந்த முதல் கணக்குத் தாள் சேமநிதி வாரியத்தின் அறிக்கைதான். அதைப் படித்துச் சொல்லப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தேவைப்பட்டாலும், தாள் வீட்டில் இருந்தது. அதே 1951ல் வட்டிக்கடைச் சட்டமும் வந்தது. கடன் எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கியவர் கையெழுத்திட வேண்டும், நகல் ஒன்று அவரிடம் கொடுக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. அந்த நகலைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

1950களில் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. இதற்கு விடையாக 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி வீதம் கட்டிப் பங்கு சேர்க்கச் சொல்லி அவர் தோட்டம் தோட்டமாகப் போனார். 1961ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கடைக்கு 40 காசு பாக்கி வைத்த மனிதரின் பிள்ளைகள் பத்துப் பத்து வெள்ளியாய்க் கட்டித் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

எல்லாக் கூட்டு முயற்சியும் அப்படி முடியவில்லை. 1982ல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்கு நம்மவர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் அதில் உண்டு. 2010ல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாகச் சொல்லி வேறொரு நிறுவனம் பங்குகளை வாங்க முன்வந்தது. 28 ஆண்டுகள் கழித்து 80 காசு! அடகு வட்டியை யார் கணக்கில் எழுதுவது?

பெண்கள் நடத்திய கூட்டு இதைவிடப் பழையது, இதைவிட எளியது. 20 பேர் மாதம் 50 வெள்ளி போட்டால் 1,000 வெள்ளி; மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வார். வட்டிக்காரரை ஒரேயடியாகத் தீர்த்துக்கட்டக் கூட்டுப் பணத்தை எடுத்த குடும்பங்கள் ஜாசின், அலோர்காஜா, மெர்லிமாவ் பக்கமெல்லாம் உண்டு. ஆனால், முதலில் எடுத்தவர் ஊரை விட்டுப் போனாலோ, நடத்துபவர் கைவைத்தாலோ கேட்பாரில்லை. இப்படிப்பட்ட மோசடிகளைத் தடுக்க 1971ல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற சொல் நிற்கிறது. சட்டத்துக்குள் 'சீட்டு'ம் இருக்கிறது. நாடாளுமன்றம் வரை போன தமிழ்ச் சொல் தடை செய்யப்படுவதற்காகப் போனது என்பது நமக்கு வருத்தமான பெருமை.

1970களிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் பத்து பிரண்டாம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். ரப்பர் செம்பனையானது, செம்பனை நிலத்தில் சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. பட்டணத்தில் 555 புத்தகம் இல்லை. மோட்டார் சைக்கிள் தவணையும், கடன் அட்டையும், மின்கம்பத்தில் ஒட்டிய தொலைபேசி எண்ணும் இருந்தன. 2003ல் தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 350 வெள்ளி என்று ஒப்பந்தமானபோது அதைப் பெரிய வெற்றியாகப் பேசினார்கள். 2013ல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி. சம்பளம் ஏறியிருக்கிறது. வட்டி முதலைகளின் சுவரொட்டி குறைந்ததாகத் தெரியவில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். வட்டி முதலையிடம் 1,000 வெள்ளி, மாதம் 10 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 வெள்ளி கட்டினால் ஓராண்டில் 1,200 வெள்ளி போயிருக்கும். அசல் 1,000 அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடையில் ஈடு இல்லாத கடனுக்கு 2003ல் வந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 18 விழுக்காடு. ஓராண்டுக்கு 180 வெள்ளி வட்டி, மொத்தம் 1,180. மாதம் 98 வெள்ளி 33 காசு கட்டினால் ஆண்டு முடிவில் அசலும் தீர்ந்துபோகும். அடகுக் கடையில் சட்டம் அனுமதிக்கும் வட்டி மாதம் 2 விழுக்காடு. சங்கிலியை அடகு வைத்து முதலையைத் தீர்த்த தாய்மார்கள் இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்காமலே போட்டவர்கள்.

ஜாமீன் கையெழுத்தும் நம்மிடையே பெரிய வியாதி. மச்சான் கேட்டால் மறுப்பதில்லை. 2017ல் திருத்தப்பட்ட திவால் சட்டம், ஆதாயம் எதுவும் இல்லாமல் கல்விக் கடனுக்கோ, சொந்த வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று சொல்கிறது. 2020ல் திவாலாக்கும் வரம்பு 1,00,000 வெள்ளியானது. இவை தெரியாமல், கடிதம் வந்த பயத்திலேயே முதலையிடம் ஓடி வங்கிக் கடனைக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதாவது, மலிவான கடனை விலை கூடிய கடனால் அடைக்கிறார்கள்.

2006ல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாகவே ஆலோசனை தருகிறது. வங்கிகளுடன் பேசித் தவணையைக் குறைத்து, ஒரே திட்டமாக மாற்றியும் கொடுக்கிறது. அங்கே போகிறவர் சம்பளச் சீட்டு, கடன் அறிக்கைகள், மாதச் செலவுக் கணக்கு எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். பலர் தங்கள் கடன் முழுவதையும் ஒரே தாளில் பார்ப்பது அன்றுதான். உரிமம் இல்லாத வட்டிக்காரரின் கடனை மட்டும் அந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாது. அதற்குக் காட்டத் தாள் ஏதும் இருப்பதில்லை.