செல்லுலார் சிறைப் பலகைச் சர்ச்சை

அந்தமானின் போர்ட் பிளேர் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) செல்லுலார் சிறையில் யாரைப் போற்றுவது என்பது குறித்து 2004இல் வெடித்த அரசியல் மோதல். வளாகத்தில் எரியும் விடுதலைச் சுடரில் பதித்திருந்த, இந்துத்துவத் தலைவர் சாவர்க்கரின் வாசகப் பலகையை, அன்றைய பெட்ரோலியத் துறை அமைச்சர் மணிசங்கர் அய்யர் அகற்றச் செய்தார். காந்தியின் வாசகம் அங்கே ஏறியது. நாடாளுமன்றம் அமளிப்பட்டது.

1911 முதல் பத்தாண்டு அடைபட்ட சாவர்க்கர் அங்கே செக்கு இழுத்ததும் உண்மை, விடுதலை கேட்டு ஆங்கிலேயருக்கு மனு எழுதியதும் உண்மை. அவரைப் போற்றியோரும் எதிர்த்தோரும் ஆளுக்குப் பாதியைத்தான் பேசினர். அதே சிறையில் 1933இல் உண்ணாவிரதமிருந்த கைதி மகாவீர் சிங், காவலர்கள் வலிந்து புகட்டிய பால் நுரையீரலில் இறங்கி மாண்டார். இத்தகையோர் இச்சண்டையில் மறைந்துபோவது கொடுமை. 2015இல் சாவர்க்கர் பலகை மீண்டும் வைக்கப்பட்டது.