இயன்மருத்துவமும் நாட்பட்ட இடுப்புவலியும்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியே நாட்பட்ட வலி. அதை உடற்பயிற்சி, கைச்சிகிச்சை, வேலைமுறைத் திருத்தம் ஆகியவற்றால் தணிக்கும் துறை இயன்மருத்துவம்.

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள கண்டக்குழி போன்ற மீன்பிடிக் கிராமங்களில் இதன் தேவை எளிதில் விளங்கும். வலை இழுப்பது, படகை மணலில் தள்ளி ஏற்றுவது, மீன்பெட்டி தூக்குவது எல்லாம் குனிந்து செய்யும் வேலைகள். இடுப்பே பாரம் தாங்குகிறது.

2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட இடுப்புவலிக்குப் பயிற்சித் திட்டம், நோய்பற்றிய விளக்கம், மசாஜ் போன்றவற்றைப் பரிந்துரைத்தது. இடுப்புப்பட்டி, இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. கருவிகளை நம்பிக் காசு செலவழிப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது.

பயிற்சி முதுகு, வயிற்றுத் தசைகளை வலுவாக்கும். அசைந்தால் கேடு என்ற பயத்தையும் குறைக்கும். படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து வலி கூடும். பலன் வாரக்கணக்கில்தான் தெரியும், அதனால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இலங்கையில் அரச மருத்துவமனைகளில் இயன்மருத்துவச் சிகிச்சை இலவசம். ஆனால் கால் பலவீனமடைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ பயிற்சிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.