பெட்ரோல் திருகும் ஒரு நிமிடமும்

மீஞ்சூர் சாலையில் உறுமி நிற்கும் லாரிகளுக்கிடையே ஓசையடங்கிய ஒரு காரை நினைத்துப் பாருங்கள். 1907-இல் ரோல்ஸ் ராய்ஸின் ‘சில்வர் கோஸ்ட்’ கார் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே 15,000 மைல் சோதனை ஓட்டத்தில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதற்கு ஓய்வு. எனக்குப் பிடித்த செய்தி இது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை ஹென்றி ராய்ஸ் தாமே வடிவமைத்திருந்தார். ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவே இருந்த நெம்புகோலை ஓரிடத்தில் வைத்துவிட்டால் போதும். மேட்டிலும் இறக்கத்திலும் ‘கவர்னர்’ என்னும் கருவி த்ராட்டிலைத் தானே கூட்டியும் குறைத்தும் எஞ்சினின் வேகத்தைச் சீராகக் காத்தது. இத்தனை நுட்பம் இருந்தும் 629-ஆவது மைலில் கார் நின்றுபோயிற்று. அதிர்வினால் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டதே காரணம்! ஒரு நிமிடத்தில் திறந்தார்கள். பிறகு 14,371 மைல் தடையின்றி ஓடியது. அந்த ஒரு நிமிடத்தையும் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர்கள் கணக்கில் எழுதிவைத்தார்கள்.