சுண்ணாம்பு ஊரில் ஒரு கொலம்பியச் செடி

எங்கள் அரியலூர் ஒரு காலத்தில் கடலடி. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி. போர்வெல் தண்ணீரிலும் அதே சுண்ணாம்பு. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரத்தை 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னார். அதுவும் அந்தக் கடலில் புதைந்த மரந்தான்.

இந்தச் சுண்ணாம்பு ஊரில் வளரும் என் வீட்டுப் பீஸ் லில்லிக்கோ பூர்வீகம் கொலம்பியாவின் ஈரக்காடு. ஜெர்மானியரான குஸ்தாவ் வாலிஸ் அலைந்து திரிந்து சேகரித்த செடி. 1877-இல் தாவரவியலாளர் ரேகல் அவர் பெயரையே இதன் அறிவியல் பெயரில் சூட்டினார். மறு ஆண்டே வாலிஸ் ஈக்வடாரில் இறந்துபோனார். பூந்தொட்டி வைத்திருக்கும் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

இந்தச் செடிக்குப் போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்தால் மண்மேல் வெள்ளை பூத்து இலைநுனி கருகும். அதனால் ஐப்பசி மழையைக் குடங்களில் பிடித்துவைக்கிறேன். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுவேன், நேர்வெயில் ஆகாது.